கூண்டுச் சில்லையும் வயல் சில்லையும்

பழுப்பு நிறம். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிசு. முதுகுக்குக் கீழே, வால் தொடங்குகிற இடத்தில் வெள்ளை. எங்கள் வீட்டுக் குருவியைப் பற்றி அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. மற்றதெல்லாம் என் மனைவிக்குத்தான் தெரியும். அவள் போன பிறகு குருவி என் பொறுப்புக்கு வந்தது.

இந்தியாவில் எங்கள் ஊர்ப்பக்கம் இதைச் சில்லை என்பார்கள், தினைக்குருவி என்றும் சொல்வார்கள். கதிர் முற்றினால் கூட்டமாக வந்து இறங்கும். ஆனால் எங்களிடம் இருந்தது வயலில் பிறந்ததில்லை. நாங்கள் பிழைக்க வந்த இந்த ஊரில், சோலோன் என்கிற சீனர் பேட்டைக் கடை ஒன்றில் அவள் பார்த்து வாங்கினாள். ஜப்பான் சில்லை என்று இங்கே சொல்வார்கள். அதன் தாயும் தகப்பனும், அவற்றுக்கு முன்னால் எத்தனை தலைமுறையோ, கூண்டிலேயே பொரித்துக் கூண்டிலேயே வளர்ந்தவை. வெளியில் விட்டால் இரை தேடத் தெரியாது. பூனையைக் கண்டால் பறக்கவும் தெரியாது.

"இது ஆம்பளை" என்று வாங்கி வந்த அன்றே சொன்னாள். "பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான். பொம்பளை பாடாது, ஆம்பளை பாடும். வாயைத் திறந்தாத்தான் தெரியும். நம்ம வீட்டுல தலைகீழ்."

நான் அதிகம் பேசாதவன் என்பதற்குச் சொன்னாள்.

சண்டை முடிந்து இந்த ஊரின் பேர் மாறின பிறகு எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக இந்தியாவுக்கு விமானம் ஏறினார்கள். நான் துணிக்கடையில் வேலை பார்த்தவன். கடை போய்விட்டது. அவளுக்கு மூச்சு இரைப்பு, அப்போது உடம்பு ரொம்ப முடியாமல் இருந்தது. அடுத்த தடவை போவோம் என்றோம். அடுத்த தடவையும் அடுத்த தடவை என்றோம். அப்புறம் கேட்கிறவர்களும் இல்லை. பிள்ளை குட்டி இல்லாத எங்களுக்கு இரண்டு வயிறுதானே. சோலோனில் ஒரு சந்துக்குள் அறை பிடித்து, மல்லியும் மிளகாயும் வறுத்து இடித்துக் கறிப்பொடி கட்டிச் சந்தைக் கடைகளுக்குப் போட்டுப் பிழைத்தோம். இந்த ஊர்க்காரர்களுக்கும் கறிப்பொடி வேண்டும். கோழிக்கறிக்குப் போட்டு ரொட்டியோடு தின்பார்கள்.

அவள் இடிக்கும்போது குருவியோடு பேசுவாள். "சாப்பிட்டியாடா? தண்ணி எதுக்குடா சிந்தறே? பாரு, ஐயா வந்துட்டாரு, பாடு." அதுவும் பாடும். ஒரே மாதிரி பாடாது. தொடங்கி, இழுத்து, நடுவில் எதையோ மறந்து, திரும்ப முதலிலிருந்து வரும். அவள் போன பிறகு நானும் பேசப் பழகினேன். வேறு யாரோடு பேச? வெள்ளிக்கிழமை த்ருவோங் டின் தெரு ஆத்தா கோவிலுக்குப் போனால் நம்மவர் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். கும்பிட்டு, திருநீறு பூசி, சௌக்கியமா என்று கேட்டுப் பிரிந்துவிடுவோம். மற்ற நாளெல்லாம் தமிழ் என் வாயிலிருந்து வந்தால் கேட்பது அந்தக் குருவி மட்டும்தான். அவள் குரலைக் கேட்டு வளர்ந்த உயிர் என்று அந்த வீட்டில் மிஞ்சினதும் அதுதான்.

எங்கள் சந்தின் வாசலில் குருவி விற்கிற ஒரு பெண் இருந்தாள். இந்த ஊரில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். வீட்டில் எத்தனையாவது பிள்ளையோ அந்த எண்தான் பேர். அவள் நாலாம் அக்கா. இந்தியாக்காரன் மட்டும் எத்தனையாவதாகப் பிறந்திருந்தாலும் ஏழாம் அண்ணன். ஏன் ஏழு என்று பல பேரைக் கேட்டிருக்கிறேன், யாருக்கும் தெரியவில்லை. நான் வீட்டில் மூத்தவன்.

அவள் விற்ற குருவிகள் வளர்ப்பதற்கல்ல, விடுவதற்கு. பௌர்ணமியன்று புத்தர் கோவில் வாசலில் ஒரு குருவியை வாங்கிக் கையில் பிடித்து, வேண்டிக்கொண்டு பறக்க விடுவார்கள். ஒரு உயிரை விடுவித்த புண்ணியம். சண்டைக்குப் பிறகு கொஞ்ச காலம் அடங்கிக் கிடந்த வழக்கம், கடைகண்ணிகள் மறுபடி திறக்க ஆரம்பித்ததும் திரும்ப வந்துவிட்டது. பௌர்ணமிக்கு முந்தின நாள் வயல்காட்டில் வலை போட்டுப் பிடித்ததெல்லாம் அவளிடம் வந்து இறங்கும். பெரிய கம்பிக் கூண்டு. அதற்குள் குருவிகள் அரிசி மூட்டை மாதிரி அடைந்து கிடக்கும். பிடித்தால்தானே விட முடியும் என்பாள் நாலாம் அக்கா. நான் எதிர்த்துப் பேசினதில்லை. நாமும் கோவில் வாசலில் கோழிக்குஞ்சை நேர்ந்து விடுகிறவர்கள்தானே.

அப்படி ஒரு பௌர்ணமிக்கு முந்தின நாள் மத்தியானம் மழை வந்தது. இங்கே மழைக்கு முன்னால் காற்று ஒரு அடி அடிக்கும். ஜன்னலில் தொங்கின மூங்கில் கூண்டைத் தூக்கிக் கீழே போட்டது. நான் மிளகாய் மூட்டையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினால் கூண்டின் இரண்டு குச்சிகள் பிளந்து கிடக்கின்றன, குருவி இல்லை. சந்துக்கு ஓடினேன். மழை கண்ணை மறைத்தது.

எதிர்வீட்டில் சைக்கிள் பழுது பார்க்கிறவர் படுதாவுக்கு அடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"குருவியா? அதோ, நாலாம் அக்கா கூண்டு மேல போய் ஒட்டிக்கிச்சு. சொந்தக்காரங்க சத்தம் கேட்டிருக்கும்."

"இப்ப எங்கே?"

"அவ தன்னுதுன்னு நெனச்சு உள்ளே போட்டுட்டா." சிரித்தார். "ஏழாம் அண்ணனை விட்டுட்டு ஓடிப்போனதைப் பாருங்க. கறிப்பொடி நெடி தாங்கலை போல."

நான் போனபோது நாலாம் அக்கா கூண்டின்மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கூண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இத்தனையில உங்க குருவி எது?"

"பழுப்பு."

"எல்லாமே பழுப்புதான், ஏழாம் அண்ணே."

"முதுகுக்கடியில வெள்ளை இருக்கும்."

"அது வெள்ளை முதுகு. பாதி அதுதான் இருக்கு. பேர் சொல்லிக் கூப்பிடுங்களேன், வரும்." கேலி செய்தாலும் தாளை அவிழ்த்து, ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளினாள். "வெளிச்சம் இருக்கிற வரைக்கும் பாருங்க. விடியறதுக்கு முன்னே வண்டி வந்துடும். கோவிலுக்குப் போயிட்டா என் கையில இல்லை. யார் கை வைக்கிறாங்களோ அவங்க எடுத்துப் பறக்க விடுவாங்க."

மற்ற யாருக்கும் அதில் நஷ்டமில்லை. வயல் குருவி வயலுக்குப் போகும். என்னுடையது பறக்க விட்ட இடத்திலேயே ஏதாவது மரத்தடியில் உட்கார்ந்து, தினைக்கிண்ணம் எங்கே என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

அன்றைக்குத்தான் சில்லைகளை முதல்முதலாகக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதுவரை பார்த்ததெல்லாம் பார்வையில்லை. முக்காலியில் உட்கார்ந்து பார்க்கப் பார்க்க, ஒரே பழுப்புக் குவியல் பிரிந்து வந்தது. மார்பில் மீன்செதில் மாதிரி வட்டம் வட்டமாக இருந்தது ஒரு ஜாதி, புள்ளிச் சில்லை. அவற்றை ஒதுக்கினேன். தலை கறுப்பாக, உடம்பு செங்கல் நிறமாக இருந்தது இன்னொரு ஜாதி. அதுவும் வேண்டாம். குஞ்சுப் பருவம் தாண்டாதவை ஒரு அடையாளமும் இல்லாமல் மண் நிறத்தில் இருந்தன. எந்த ஜாதி என்று அவற்றின் தாய்க்குத்தான் தெரியும். மீதி, வெள்ளை முதுகு. கூண்டில் வளர்கிற ஜப்பான் சில்லைக்கு மூதாதை இதுதான் என்றாள் நாலாம் அக்கா. பங்காளிகள். முகச்சாயல் அப்படியே இருக்கும்.

"வித்தியாசமே இல்லையா?"

"வயித்தைப் பாருங்க. மார்புல கறுப்பு முடிஞ்சு வயித்துல வெள்ளை தொடங்குதில்ல, வயல் குருவிக்கு அந்த இடம் கோடு போட்ட மாதிரி இருக்கும். வீட்டுக் குருவிக்கு மாவு சிந்தின மாதிரி அலங்கோலமா இருக்கும். அப்புறம், கையை விட்டா வயல் குருவி செத்துப் பிழைக்கும். வீட்டுக் குருவி சும்மா இருக்கும்."

இரண்டு அடையாளங்கள் கிடைத்ததும் தைரியம் வந்தது. ஆத்தாவை நினைத்துக்கொண்டு கூண்டின் பக்கம் குனிந்து, தமிழில் கூப்பிட்டேன். என் மனைவி கேட்பாளே, அதேதான்.

"சாப்பிட்டியாடா?"

சைக்கிள்காரர் படுதாவுக்கடியில் விழுந்து சிரித்தார். கூண்டே கொந்தளித்தது. சில்லைகள் எல்லாம் ஒரே வீச்சில் எதிர்ப்பக்கக் கம்பியில் போய் மோதின. ஒன்று மட்டும் நகரவில்லை. மூலைக் குச்சியில் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்து மெல்லக் கண்ணை மூடித் திறந்தது. வயிற்றைப் பார்த்தேன். கோடு இல்லை, கறுப்பும் வெள்ளையும் கலங்கி, மாவு சிந்தின மாதிரியேதான் இருந்தது.

நாலாம் அக்கா கையை விட்டாள். அது அவள் விரலுக்குள் பேசாமல் அடங்கியது.

"இதுதான்" என்றேன்.

அவள் ஒரு கணம் யோசித்தாள். ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி இருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

மூங்கில் குச்சிகளை நூல் போட்டுக் கட்டிக் குருவியை உள்ளே விட்டேன். பாடவில்லை. தினையைத் தொடவில்லை. பந்து மாதிரி இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தது. மழையில் நனைந்த அதிர்ச்சி, முரட்டுக் கூட்டத்தில் அடைபட்ட பயம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே இருந்தது. ஓமத்தைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி ஆறின தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றினேன். கூண்டைச் சுற்றித் துணி கட்டி, சாமி விளக்குக்குப் பக்கத்தில் சூடு படுகிற மாதிரி வைத்தேன். கூண்டுக் குச்சிக்குத் திருநீறு இட்டேன். "ஆத்தா, இந்தக் குருவி பிழைச்சு எழுந்தா உனக்கு மாவிளக்கு வைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். மனைவி கிடையில் கிடந்தபோதும் வேண்டினேன். அதை இங்கே எழுத வேண்டாம்.

ஆத்தா கேட்டுவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தினை குறைய ஆரம்பித்தது. இறகு படிந்தது. குச்சி மாறிக் குச்சி தாவியது. நான் நல்லதெல்லாம் கண்டேன், இதையும் கண்டேன்: தண்ணீர் மாற்றக் கையை நீட்டினால் கூண்டின் உச்சியில் போய் முட்டுகிறது. முதல் நாள், உடம்பு தேறின வேகம் என்றேன். மறுநாள் என்னை மறந்துவிட்டதோ என்றேன். மூன்றாம் முறை முட்டியபோது அலகுக்கு மேலே ரத்தம் துளிர்த்தது. நான் கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அதன் வயிற்றைப் பார்த்தேன்.

இறகு உப்பியிருந்தபோது கலங்கித் தெரிந்த இடம், படிந்த பிறகு தெளிந்துவிட்டது. கறுப்பு முடிகிறது, வெள்ளை தொடங்குகிறது. கோடு.

நாலாம் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். அவள் வாசலிலேயே நின்று பார்த்தாள். அவள் நிழல் பட்டதும் குருவி கூண்டைச் சுற்றிச் சுற்றி அடித்தது.

"வயல் குருவி, அண்ணே."

"அன்னைக்குச் சும்மா உட்கார்ந்திருந்ததே."

"சீக்கு. சீக்கு வந்தா எல்லாக் குருவியும் வீட்டுக் குருவிதான். பறக்கத் தெம்பு இருக்காது. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. நீங்க அவ்வளவு உறுதியாச் சொன்னீங்க."

அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது. நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "பௌர்ணமியன்னிக்குக் கோவில்ல, விட்ட பிறகு பறக்காம கீழே உட்கார்ந்தது ஏதாவது..."

அவள் கூண்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி. நான் பார்க்கலை."

வியாபாரம் செய்கிற இடத்தில் எதையும் பார்க்காமல் விடுகிறவள் இல்லை அவள். எனக்காகச் சொன்னாள் என்று தெரிந்து, நானும் மேலே கேட்கவில்லை. யாரோ ஒரு தாய், பிள்ளைக்குக் காய்ச்சல் தீர வேண்டும் என்றோ, கடலில் போனவன் கரை சேர வேண்டும் என்றோ நினைத்து, என் மனைவியின் குருவியை இரண்டு கையிலும் ஏந்தி விட்டிருப்பாள். நல்ல மனசோடு விட்டிருப்பாள். அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன். புத்தர் கோவிலுக்கும் போய் மரத்தடி மரத்தடியாகப் பார்த்தேன். கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆத்தாளுக்கு மாவிளக்கு வைத்தேன். பச்சரிசி மாவும் வெல்லமும் இருந்தது. நெய்க்கு எங்கே போவது, தேங்காய் எண்ணெயில்தான் திரி. நான் வேண்டிக்கொண்டது இந்தக் குருவி பிழைக்க வேண்டும் என்று. இந்தக் குருவி பிழைத்துவிட்டது. ஆத்தாள்மேல் குற்றம் சொல்ல வழியில்லை.

ஆனால் அதை உடனே விட மனம் வரவில்லை. வீட்டில் ஒரு சிறகுச் சத்தம் இருக்கிறதே என்றிருந்தது. காலையில் பாடவும் செய்தது. ஜன்னல் பக்கம் திரும்பி, சின்னதாக, ஒரே மாதிரி. இழுக்கவில்லை, நடுவில் எதையும் மறக்கவில்லை. கேட்டுவிட்டு வழக்கம்போல ஏதோ சொன்னேன். என் குரல் கேட்டதும் கூண்டுக் குச்சியில் போய் மோதியது. அதன் நெற்றியில் ஆறின புண் மறுபடி பிளந்தது.

அதற்குப் பிறகு நான் வீட்டுக்குள் பேசுவதை நிறுத்தினேன். சத்தம் வந்தால் அடித்துக்கொள்கிறதே என்று மல்லியைக்கூட வாசலில் கொண்டுபோய் இடித்தேன். கந்தசஷ்டிக் கவசத்தை உதட்டுக்குள் சொன்னேன். தண்ணீர் வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தேன். மனைவி போன பிறகும் வீட்டில் தமிழ் இருந்தது, கேட்க ஒரு காது இருந்தது. இப்போது குருவியும் இருக்கிறது, நானும் இருக்கிறேன், ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு ஊமையாக உட்கார்ந்திருக்கிறோம். அவள் இருந்தால் என்னைத் திட்டியிருப்பாள். "அது உங்களை என்ன கேட்டுச்சு? அதை அது வீட்டுல கொண்டுபோய் விடுங்க."

கோவில் வாசலில் விட எனக்கு இஷ்டமில்லை. அங்கே விட்டால் வலை போடுகிறவர்கள் அடுத்த பௌர்ணமிக்குப் பிடித்துவிடுவார்கள். எந்தப் பக்கத்திலிருந்து குருவிகள் வருகின்றன என்று நாலாம் அக்காவிடம் கேட்டேன். ஊருக்கு வெளியே, ஹோக் மோனைத் தாண்டின வயல்கள் என்றாள். கூண்டைத் துணியால் மூடி, லாம்பிரெட்டா மூன்று சக்கர வண்டியில் ஏறினேன். உள்ளே இரண்டு வரிசையாக முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு ஜனம். என் மடியில் கூண்டு. எதிரில் வாத்துக்கூடையோடு இருந்த கிழவர் துணியை விலக்கிப் பார்த்தார்.

"விக்கவா?"

"விட."

"இவ்வளவு தூரமா? ஊருக்குள்ளே கோவில் இல்லையா?" என்று கேட்டுவிட்டு, அடுத்தவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இந்தியாக்காரர்கள் புண்ணியத்துக்கும் கஞ்சத்தனம் பார்ப்பார்கள் என்று நினைத்தாரோ, அதிகமாக ஆசைப்படுவார்கள் என்று நினைத்தாரோ தெரியாது.

வண்டி நின்ற இடத்திலிருந்து வரப்பில் நடந்தேன். கதிர் மஞ்சளாகத் தலை சாய்ந்திருந்தது. கொஞ்ச தூரத்தில் சில்லைக் கூட்டம் ஒன்று கதிரோடு கதிராக ஆடிக்கொண்டிருந்தது. கூண்டுக்குள் இருந்தது அதுவரை கேட்காத ஒரு குரலில் கூப்பிட்டது. அங்கிருந்தும் பதில் வந்தது. நான் கதவைத் தூக்கினேன். வேண்டுதல் ஒன்று சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறப்பதற்குள் போய்விட்டது. நேராக, திரும்பிப் பார்க்காமல், தாழப் பறந்து அந்தக் கூட்டத்துக்குள் இறங்கியது.

"யாருய்யா அது?"

வரப்பின் அந்தப் பக்கம் ஒரு பெண். ஓலைத் தொப்பி, ஒரு கையில் பழைய எண்ணெய் டின், ஒரு கையில் குச்சி.

"காலையிலேருந்து டின்னை அடிச்சு அடிச்சு என் கை மரத்துப்போச்சு. இருக்கிற திருட்டுக் கும்பல் போதாதுன்னு நகரத்துலேருந்து ஒண்ணைக் கொண்டுவந்து என் நெல்லுல விடறியா?"

இவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. "ஒண்ணே ஒண்ணுதான், தங்கச்சி" என்றேன். "உடம்பு சரியில்லாம இருந்துச்சு. இப்பத்தான் தேறிச்சு. நிறையத் தின்னாது."

அவள் என்னையும் காலிக் கூண்டையும் ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது.

"எது உன்னோடது?"

காட்ட முடியும் என்றுதான் நினைத்தேன். இறங்கின இடத்தைக் கண் மாறாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளிகளை ஒதுக்கினேன், கருந்தலைகளை ஒதுக்கினேன். வெள்ளை முதுகுகள் கதிருக்குக் கதிர் தாவிக்கொண்டிருந்தன. எல்லா வயிற்றிலும் அந்தக் கோடு இருந்தது.

"தெரியலை" என்றேன்.

"அப்ப எல்லாமே என்னோடதுதான்" என்று சொல்லி அவள் டின்னை ஓங்கி அடித்தாள். கூட்டம் மொத்தமாக எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்து வயலில் போய் இறங்கியது. அவள் அங்கே நடந்தாள். நான் வண்டி வருகிற பக்கம் நடந்தேன். வரப்பில் என்னைத் தவிர யாரும் இல்லை. "நல்லா இருடா" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் பயந்து அடித்துக்கொள்ளவில்லை.